றுமைஸ் நானா திருத்திய இரைச்சல்

— இந்து சமுத்திரத்தின்ட இந்தக் கரையில, அம்பது வருசத்துப் பழைய சிந்தசைசர் கீபோர்ட் ஒண்டைத் திறந்து, உள்ளுக்குப் பார்த்து, திரும்ப மூடின மனிசன் நான் ஒராள்தான், மிஸ். பெருமைக்குச் சொல்லல்ல. சரித்திரத்துக்காகச் சொல்றன்.

— மூடினாப்பிறகு ரெண்டு ஸ்குரூ மிச்சம் வந்தது, றுமைஸ் நானா.

— அது கொம்பனி கூடுதலாப் போட்டது. ஜப்பான்காரனுக்கு எப்பவும் ஒரு பயம்.

— பயமில்லாத ஆள் திருத்தினபடியாத்தான் இப்ப இது இரையுது.

— எங்க இரையுது?

— கேளுங்க. நான் ஒரு கட்டையிலயும் கை வைக்கல்ல.

— அது ஃபேன்.

— ஃபேனை நிப்பாட்டி அரை மணித்தியாலம். எனக்கு வேர்க்கிறது தெரியல்லயா?

— அப்ப கப்பல். ஜெட்டியில கோதுமைக் கப்பல் நிக்குதெல்லா? எஞ்சின் சத்தம் தண்ணிக்குள்ளால வந்து நிலத்தால ஏறும்.

— அந்தக் கப்பல் முந்தநாள் போயிட்டுது. நானா, நாலு கிழமையில அஞ்சாந்தரம் இதை ஓட்டோவில ஏத்திக் கப்பல்துறை வீட்டில இருந்து கொண்டு வாறன். முதல்ல என்னத்துக்குக் கொண்டு வந்தனான்?

— நாலு கட்டை சத்தம் போடல்ல எண்டு.

— இப்ப எல்லாக் கட்டையும் சத்தம் போடுது. தொடாத கட்டையும் போடுது.

— பாருங்களே, முன்னேற்றம்தானே. உள்ளுக்குக் கெட்டுப்போன சாமான் எல்லாம் மாத்தினன். நீங்க கேக்காமலே கரண்ட் வயரையும் மாத்தினன். இனி இதுக்குள்ள பழுதாக ஒண்டும் மிச்சமில்ல.

— மணி மூண்டே முக்கால். நாலுக்கு அவை கோல் எடுப்பினம்.

— ஆரு, அந்தப் பயணிகள் கப்பல்காரங்களா?

— ஓம். கப்பல் மியூசிக் பாண்டுக்கு ஒராள் தேவையாம். போன் வீடியோவிலயே வாசிச்சுக் காட்டட்டாம். இந்தப் பழைய மெஷின் வச்சிருக்கிற ஆளெண்டுதான் என்ர பேரையே பார்த்தவை. போன கிழமை இரைச்சலைக் கேட்டுட்டு ஒரு நிமிசத்தில வெட்டிப்போட்டினம். இண்டைக்குக் கடைசித்தரம் எண்டு எழுதியிருக்கினம்.

— போனாப் போகட்டும். பள்ளிக்கூடம் இரிக்குத்தானே?

— ஆறு வருசமாச் சம்பளமில்லாத் தொண்டர் ஆசிரியர், நானா. நிரந்தரமாக்கக் கேட்டால் ஒவ்வொரு தவணையும் அதிபர் "அடுத்த தவணை பார்ப்பம், கீர்த்தனி" எண்டுறார். அடுத்த தவணை அவரே பென்சனில போறார்.

— வீட்ட கொண்டுபோய் வாசிக்க ஏலாதா?

— பதினஞ்சு நிமிசத்திலயா? இங்கயே வாசிக்கிறன். கொஞ்சம் பொறுங்க. இப்ப கேளுங்க.

— இரைச்சல் நிண்டுட்டு.

— ம்.

— நான் சொன்னன்தானே, மெஷின் சூடேறினாச் சரியா வரும் எண்டு.

— பின்பக்க ஸ்குரூவில விரல் வச்சிருக்கிறன். எடுக்கிறன், பாருங்க. இரையுது. வைக்கிறன். நிக்குது.

— ஒங்கட செருப்பு எங்க?

— கழட்டிட்டன். செருப்போட பிடிச்சால் அரைவாசிதான் குறையுது. வெறுங்காலோட சீமெந்தில நிண்டால் முழுக்க நிக்குது.

— மிஸ், இது மெஷின். அழுற பிள்ளையில்ல, தடவிக் குடுக்க. இருவது வருசமா இந்தக் கடையில இரிக்கன். செருப்பைக் கழட்டி ஒரு சாமானும் திருத்தினதில்ல. எங்கட கிண்ணியாவில கேள்விப்பட்டாங்க எண்டா என்ன சொல்லுவாங்க? றுமைஸ் இப்ப ரேடியோவுக்குப் பேய் ஓட்டுறானாம் எண்டு.

— என்னவும் சொல்லட்டும். வாசிக்க ரெண்டு கையும் வேணும். பின்பக்கம் பிடிக்க எனக்கு மூண்டாவது கை இல்ல.

— படிச்ச வேலை இரிக்கக்குள்ள ஏன் கை? அந்த ஸ்குரூவில இருந்து ஒரு வயரை ஜன்னல் கம்பிக்குக் கட்டுவம். இந்தா. இப்ப?

— இரைச்சல் இல்ல.

— சரித்திரத்துக்காக—

— ஒராள் கதைக்கிறார்.

— எங்க?

— ஸ்பீக்கருக்குள்ள. சிங்களத்தில. இழுவைப் படகைக் கொஞ்சம் பின்னுக்கு எடுக்கட்டாம். துறைமுகத்து வயர்லெஸ், நானா. ஜன்னல் கம்பி ஏரியலாப் போச்சு.

— என்ன தெளிவு, பாருங்களே.

— கழட்டுங்க.

— ரெண்டு நிமிசம் கேட்டுட்டு—

— கழட்டுங்க, நானா. நாலுக்கு அஞ்சு நிமிசம்தான் கிடக்கு. அதென்ன, பிளக்குக்கு மேல பேனா மூடி?

— ரெண்டு கால் பிளக்தானே. மேல் ஓட்டையில ஏதும் குத்தினாத்தான் உள்ளுக்குப் போகும். ஊர் முழுக்க அப்பிடித்தான்.

— நான் கொண்டு வரேக்க மூண்டு கால் இருந்தது.

— அந்த வயர் வெடிச்சுக் கிடந்தது, மிஸ். நல்ல ரேடியோ வயர் ஒண்டு கையில இரிந்தது. போட்டுட்டன்.

— அதுக்குள்ள எத்தினை கம்பி?

— ரெண்டு.

— பழையதுக்குள்ள?

— மூண்டு.

— அந்த மூண்டாவது எங்க பூட்டிக் கிடந்தது?

— அந்த ஸ்குரூவிலதான்.

— நான் விரல் வச்சிருந்த ஸ்குரூ.

— பச்சைக் கம்பி, மிஸ். கரண்ட் ஓடாத கம்பி. வேலையில்லாமச் சும்மா நிக்குது எண்டு விட்டுட்டன்.

— சும்மா நிக்கிற மாதிரித்தான் தெரியும். தொண்டர் ஆசிரியர் மாதிரி.

— அப்ப அந்தப் பச்சைக் கம்பிதான் இரைச்சலை நிலத்துக்கு இறக்கியிரிக்கு.

— போன கிழமை அவை வெட்டினதும் இதாலதான்.

— இதாலதான்.

— இதையும் சரித்திரத்துக்கு எழுதுவமா?

— வேணாம், மிஸ். மூண்டு கம்பி வயர் தேடிப் போட அரை மணித்தியாலம் போகும்.

— மூண்டு நிமிசம் இருக்கு.

— நாளைக்கு எடுக்கச் சொல்லிக் கேளுங்களன்.

— நாளைக்கு அவைக்குக் கப்பல் வெளிக்கிடுது. பரவாயில்ல. எனக்கும் களைச்சுப்போச்சு. ஓட்டோவைக் கூப்பிடுங்க, நான் ஏத்திக்கொண்டு போறன். நாளைக்கு ஏழாம் வகுப்புக்கு முதல் பாடம்.

— போன் அடிக்குது, மிஸ்.

— தெரியுது.

— எடுங்க.

— எடுத்து? திரும்பவும் இரைச்சலைக் கேட்கக் குடுக்கவா?

— எடுங்க எண்டு சொல்றன்தானே. அந்த மேசையைச் செவரில இருந்து கொஞ்சம் முன்னுக்கு இழுக்கன். பின்னால ஒராள் குந்தியிருந்தாக் கமராவில விழுமா?

— தலை குனிஞ்சிருந்தால் விழாது. ஏன்?

— எவ்வளவு நேரம் வாசிக்கச் சொல்லுவாங்க?

— இருவது நிமிசம். நானா, என்ன செய்யிறீங்க, முழங்கால் நோ எண்டனீங்கள்தானே?

— போனை எடுங்க, மிஸ்.

— எடுத்திட்டன், இணையுது. நானா… இரைச்சல் நிண்டுட்டுது.

— வாசிங்க. என்ட செருப்பை மட்டும் காலால அங்கால தள்ளி விடுங்க, கமராவில தெரியப்போகுது.