நெளுக்குளம் போகவேண்டிய மோட்டார் சைக்கிள்

அப்ப செல்வராசா நெளுக்குளத்திலதான் நிக்கிறான் எண்டுறீர். முந்தநாள் கடைக்கெண்டு வெளிக்கிட்டவன் வவுனியா வரைக்கும் போய், அங்க ஒரு கராச்சில வேலையும் எடுத்திட்டானோ. நல்லது. மகன் உயிரோட நிக்கிறான் எண்ட சொல்லு தேப்பனுக்குக் காணும். நீரும் அவனும் கூட்டாளியள் எண்டுறீர். உம்மைப் பற்றி அவன் ஒருநாளும் கதைச்சதில்லை. சரி, என்னோடயே அவன் கனக்கக் கதைக்கிறதில்லை.

ஏன் நிக்கிறீர், இந்தக் கதிரையில இரும். மோட்டார் சைக்கிளைக் கொண்டரச் சொல்லி அவன்தான் விட்டவனோ? வேலைக்குப் போய்வர? ஓமோம், தேவைதான். ஆனா இது ஸ்டார்ட் ஆகாதே தம்பி, அதை அவன் சொல்லேல்லையோ? உதைச்சு உதைச்சுக் கால் வீங்கினவன். பரந்தனில ஒரு மாஸ்ரர் ஓடிக் களைச்சு வித்த சைக்கிள். பெற்றோல் வருது, பிளக்கும் புதுசு. பொறிதான் வரேல்லை.

என்ன, அடிக்கடி றோட்டைப் பாக்கிறீர்? சைக்கிள் கொண்டுபோக வந்தவருக்கு பஸ் என்னத்துக்கு? அந்த ஸ்பனரைத் தாரும். அதில்லை, சின்னது. அதுவும் இல்லை. கராச்சில நீரும் அவனோடதான் வேலை எண்டீர், என்ன?

குசினிக்குள்ள சத்தம் கேக்குதோ? மனுசி. அவன் போனதிலயிருந்து மூட்டாத அடுப்பை, உம்மட சொல்லைக் கேட்டு இப்பதான் மூட்டுறா. உமக்கும் சேத்துத்தான் உலை வைக்கிறா.

வவுனியாவில மழையோ? இல்லையோ. அந்தப் பக்கம் செம்மண். உம்மட செருப்பில கிடக்கிறது கறுப்புச் சேறு, காய்ஞ்ச இடத்தில வெள்ளையா உப்புப் பூத்திருக்கு. காலை ஏன் இழுக்கிறீர்? நான் செருப்பைத்தானே பாத்தனான்.

அந்த நெருப்புப்பெட்டியை எடும். குச்சி வேண்டாம், பெட்டி. குச்சி உரசிற பக்கத்தால இந்தப் பொயின்ரை, பொறி எழுப்பிற சாமானை, இப்பிடித் தேய்ச்சாப் பளிச்செண்டு வரும். இது இல்லாட்டிப் பொறி வராது. எங்கயிருந்து எடுத்தனானோ? என்ர மடிக்குள்ள இருந்துதான். பழுதெண்டு ஒண்டும் இல்லை. ஊர்பேர் தெரியாத பொடியள் படலையடியில வந்து அவனோட குசுகுசுக்கத் தொடங்கின உடன நான் கழட்டி முடிஞ்சு வைச்சனான். சைக்கிள் ஓடாட்டி வீட்டில நிப்பான் எண்டு நினைச்சன். அவன் நடந்து போட்டான்.

பூட்டியாச்சு. கொஞ்சம் தள்ளி நில்லும், உதைக்கப் போறன். பாத்தீரோ, ஒரே உதையில.

இல்லைத் தம்பி, கையை எடும். நான்தான் ஓடுவன், நீர் பின்னால ஏறும். இந்தியாவுக்கு இயக்கப் பயிற்சிக்குப் போற வள்ளம் இருட்டினாப்பிறகுதானே வெளிக்கிடும், இன்னும் வெயில் கிடக்கு. நெளுக்குளத்துக்கு இல்லை, உம்மட செருப்பில கிடக்கிற சேறு வந்த பூநகரிக் கரைக்குப் போறம். அவனை எந்த வள்ளத்துறையில இருத்தி வைச்சிருக்கிறியள் எண்டு போகப் போகச் சொல்லும்.