தழும்புக்கு நாலு வழி

டாக்டர்: ...அதனால, தழும்பு அடியோட மறைஞ்சிடும்னு நான் சொல்ல மாட்டேன். மங்கும். அவ்வளவுதான்.

டுவேன்: பக்கத்துல வந்து பார்த்தா தெரியுமா?

மார்லிஸ்: என் மூஞ்சிக்குப் பக்கத்துல இனி யாரு வரப்போறா?

டுவேன்: ஏன், நான் வர மாட்டேனா?

மார்லிஸ்: கேட்டுக்குங்க டாக்டர்! கல்யாணமாகி முப்பது வருஷம் கழிச்சு ஐயாவுக்கு ஆசை வந்திருக்கு.

டாக்டர்: தாடையில நல்லா தடிச்சிருக்கு. முதல்ல சிலிகோன் பட்டை. தினமும் ஒட்டிக்கணும். சில மாசம் ஆகும், வலி இருக்காது.

டுவேன்: நானே ஒட்டி விடறேன்.

மார்லிஸ்: இவன் வாய்க்கும் ஒண்ணு குடுங்க டாக்டர்.

டாக்டர்: அடுத்தது ஸ்டீராய்டு ஊசி. தழும்புக்குள்ளயே போடுவோம், மேடு அமுங்கும். கொஞ்சம் வலிக்கும்.

டுவேன்: பரவாயில்ல.

மார்லிஸ்: ஊசி எனக்குத்தானே... உனக்குப் பரவாயில்லதான்.

டாக்டர்: சிவப்பு குறைய லேசர். நாலஞ்சு தடவை வரணும். கடைசி வழி, வெட்டியெடுத்து மறுபடி தைக்கறது. அதுக்கு அவசரமில்ல. எப்படி அடிபட்டது?

டுவேன்: போன ஜனவரியில... உறைஞ்ச ஏரி மேல மீன் பிடிச்சுட்டு பனிவண்டியில திரும்பிட்டிருந்தோம். பனி வெடிச்சு மேடா நின்னிருக்கு. கவனிக்கல.

டாக்டர்: யாரு கவனிக்கல?

மார்லிஸ்: நான். நான்தான் ஓட்டினேன்.

டுவேன்: ஆமா, அவதான். ஷெரீஃப் ஆபீஸ்ல போலீஸ்கிட்டயும் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கோம்.

டாக்டர்: எனக்கு அது வேண்டாம். உள்ள கண்ணாடித் துண்டு எதுவும் தங்கியிருக்குமோன்னுதான் கேட்டேன்.

மார்லிஸ்: கண்ணாடியெல்லாம் இல்ல. இவன் ஹெல்மெட் பின்பக்கம் இடிச்சுக் கிழிச்சிடுச்சு.

டாக்டர்: பின்பக்கமா? அப்போ நீங்க பின்னாலதானே உக்காந்திருந்திருக்கணும்...

டுவேன்: லேசரே போடுங்க டாக்டர். இன்னிக்கே ஆரம்பிக்கலாமா?

டாக்டர்: மார்லிஸ், நீங்க சொல்லுங்க. எது வேணும்?

மார்லிஸ்: எதுவும் வேண்டாம்.

டுவேன்: என்னடி இது! இதுக்கா டுலூத் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தோம்? ஜூன்ல பொண்ணு கல்யாணம், போட்டோ எடுப்பாங்க...

மார்லிஸ்: எடுக்கட்டும்.

டுவேன்: தினமும் காப்பி குடிக்க உக்காந்தா எதிர்ல அதுதான் நிக்குது. என்னால முடியல மார்லிஸ்.

மார்லிஸ்: தெரியும்... சரி, குட்டு உடைஞ்சாச்சு. டாக்டர், இந்த மனுஷன் ஸ்கூல் பஸ் ஓட்டறான். அன்னிக்குப் பனிவண்டிய ஓட்டினதும் இவன்தான், மூக்கு முட்டக் குடிச்சுட்டு. சொல்லியிருந்தா லைசென்ஸ் போயிருக்கும். பழிய நான் ஏத்துக்கிட்டேன். அன்னியிலேர்ந்து இவன் ஒரு சொட்டு தொடல.

டாக்டர்: நல்லதுதானே? அப்புறம் ஏன் வேண்டாங்கறீங்க?

மார்லிஸ்: அவனையே கேளுங்க. இது மங்கினப்புறமும் தொட மாட்டானான்னு.

டாக்டர்: டுவேன்?

மார்லிஸ்: சொல்லு.

டுவேன்: ...கராஜ்ல ஒரு பாட்டில் வாங்கி வச்சிருக்கேன். இன்னும் மூடி திறக்கல. அவ மூஞ்சிய அப்படியே விட்டுடுங்க, டாக்டர்.