கயிறு பிடித்த குடும்பம்

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் எங்கள் நிலையத் தலைவர் ஏரம்பு ஐயா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பரிசுக்காகக் காத்திருக்கும் தாய்மார்களே, மதிலில் ஏறியிருந்து கச்சான் கடலை கொறிக்கும் இளைஞர்களே, எல்லோருக்கும் என் இனிய மாலை வணக்கம். நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த அளவெட்டிக் காதுகள் உங்களுடையவை. விசில் ஊதிக் கட்டிப்போன என் தொண்டையைச் சற்றே பொறுத்தருளுங்கள்.

பரிசளிப்புக்கு முன் இரண்டு வார்த்தை. இரண்டென்றால் நான் இரண்டோடு நிறுத்தமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். சிரியுங்கோ, சிரியுங்கோ!

இன்று காலை நம் சனசமூக நிலையத்தின் புத்தாண்டு விளையாட்டு விழாவில் குடும்பங்களுக்கான கயிறிழுத்தல் நடந்தது. வீட்டுக்கு நால்வர், நடுவர் நான். இறுதிக்கு வந்தவை இரண்டு அணிகள். ஒன்று நமசிவாயம் அண்ணையின் குடும்பம். மற்றது கிணற்றடி ஒழுங்கை வீட்டார். அந்த வீட்டை அறியாதவர் இங்கே உண்டோ? கஜானியும் உதயகலாவும், பெண்கள் இருவரும், ஒருவரையொருவர் விரும்பி, ஊர் கதைத்ததையெல்லாம் தாங்கி, ஒன்றாய் வாழ்பவர்கள். கணவனைப் பிரிந்து வந்த தோழி கேதீஸ்வரிக்கு அவர்கள் கதவு திறந்தார்கள். குருநகரிலிருந்து மின்வேலைக்கு வந்த பிரகாஸ் ஒரு நேரச் சாப்பாட்டுக்கென்று உள்ளே போனவர். இன்னும் வெளியே வரவில்லை!

அவர்கள் கயிற்றைத் தொட்டதும் எழுந்தது ஒரு குரல். "உவை குடும்பமோ? ஆளுக்கொரு திக்காலை வந்து சேர்ந்தவை. இது குடும்பப் போட்டியெல்லோ!" சொன்னவர் நமசிவாயம் அண்ணை. கோவிக்காதேங்கோ அண்ணை, நடந்ததைத்தானே சொல்லுறன்!

செயலாளர் சமாதானம் பேசினார். "நண்பர் அணி எண்டு போடுவம், பிரச்சினை முடிஞ்சுது."

கஜானி கயிற்றைக் கீழே வைத்தார். "நண்பர் எண்டால் பொழுதுபட அவையவை தங்கடை வீட்டை போயிடுவினம். நாங்கள் எங்கை போறது? எங்கடை வீடு அதுதான்" என்றார். குரல் உயரவில்லை, கண் கலங்கியது.

அப்போது வாய் திறந்தார், அண்ணையின் பின்னால் கயிறு பிடித்து நின்ற அவர் துணைவியார் நல்லம்மா அக்கா. "இஞ்சருங்கோ, எங்கடை பெடியள் ரெண்டு பேரும் கனடாவிலை. எனக்குப் பின்னாலை நிக்கிறது ஆர்? ஒருக்கால் திரும்பிப் பாருங்கோ."

அண்ணை திரும்பினார். நின்றவர்கள் யார்? முன்னறையில் வாடகைக்கு இருக்கும் மட்டக்களப்பு வங்கி உத்தியோகத்தர். அவருக்குப் பின்னால், அண்ணையின் தோட்டத்தை உழும் உழவு இயந்திரச் சாரதி! மைதானமே சிரித்தது. அண்ணையும் சிரித்துவிட்டு, "சரி, பிடியுங்கோ கயிறை" என்றார்.

அன்பர்களே, நான் கேட்கிறேன்! காய்ச்சலில் நீங்கள் கிடந்தபோது கஞ்சி வைத்துத் தந்த கை யாருடைய கை? ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உங்களுக்காகக் காத்துக் கிடந்த கண்கள் யாருடைய கண்கள்? நம் இரத்தம் ரொறன்ரோவில் இருக்கிறது, சூரிச்சில் இருக்கிறது. நம் வாசலில் இருப்பது யார்? இரத்தம் மட்டுமே குடும்பமென்றால், இந்த ஊரில் பாதி வீடுகளில் கயிறு பிடிக்க ஆளில்லை! விரும்பி வந்தவர் உறவு, வேண்டியபோது நின்றவர் உறவு, விட்டுப் போகாதவரே உறவு!

போதும், போதும், தட்டித் தட்டிக் கையை நோகப்பண்ணாதேங்கோ.

போட்டியில் அந்த வீடு தோற்றது. நால்வரும் ஒருவர்மேல் ஒருவராய்ச் செம்மண்ணில் விழுந்து, சிரித்தபடியே ஒருவரையொருவர் தூக்கிவிட்டார்கள். இரண்டாம் பரிசு அவர்களுக்குத்தான். ஆனால் செயலாளர் இப்போதும் என் காதில் சொல்கிறார், "நண்பர் அணி எண்டே அறிவியுங்கோ" என்று. தலைவர் ஐயா, நான் என்ன செய்ய?

ஆர் அங்கை எழும்புறது? நமசிவாயம் அண்ணையோ? சத்தமாய்ச் சொல்லுங்கோ, பின்னுக்குக் கேட்கேல்லையாம்! அண்ணை சொல்வதை அப்படியே சொல்கிறேன், சபையோரே: "குடும்பம் எண்டு சொல்லு பிள்ளை! உவை குடும்பம் இல்லையெண்டால், குடும்பப் போட்டியிலை நான் ஆரை வெண்டனான்?"

கேட்டீர்களா, செயலாளரே? என் நீண்ட பேச்சைப் பொறுத்த உங்களுக்கும், தேநீர் தந்த மாதர் சங்கத்தாருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம் கூறி அழைக்கிறேன்: இரண்டாம் பரிசு பெறும் குடும்பமே, மேடைக்கு வருக!