வேப்பிலைக்கு அந்தாண்ட

— அங்கியே நில்லு ராயப்பா. சாமியார் குடுத்த செருப்ப போட்டுகினு வேப்பில கட்டின வாசலாண்ட வராத.

— நான் உள்ள வரல வடிவுக்கா. இங்கிருந்தே சொல்றேன். அந்த வேப்பிலைய அவுத்து போடு. வண்டி வர்றதுக்குள்ள அவுத்துடு.

— எந்த வண்டி?

— மொதல்ல நீ அவுரு.

— எந்த வண்டின்னு கேக்கறேன்.

— ஏரிக்கர கொட்டாய் வண்டி. அம்மை நோவு கண்டவங்கள கொண்டுகினு போற வண்டி. காத்தாலியே பூந்தமல்லிக்கு போயி மாதா கோயில் சாமியாராண்ட சொல்லிட்டேன். வடிவு ஊட்ல நோவு கீது, அவ பொண்ணு ராணிய ரெண்டு மூணு நாளா வெளிய காணோம், கதவும் தொறக்கலன்னு.

— அடப்பாவி. என் சித்தி வயித்துல பொறந்த தம்பி. நீயா போயி சொன்ன?

— வேற எவனாவது சொல்லி அவரு காதுல உழுந்தா இன்னும் மோசமாவும். சாமி சாட்சியா சொல்றேன், உன் நல்லதுக்குதான் சொன்னேன். நோவ மறைக்கக் கூடாதுக்கா.

— நோவுன்னு சொல்லாத. ஆத்தா வந்துகீறான்னு சொல்லு. உள்ள காதுல உழுவப் போவுது.

— அந்த வார்த்த என் வாயில வராது. நான் உபதேசியாரு. ஜனங்களுக்கு ஜெபம் சொல்லிக் குடுக்கறவன்.

— வராட்டி போ. மெதுவாவாச்சும் பேசு. இப்பதான் கண்ணசந்துது.

— வெள்ளிக்கெழம வேம்புலியம்மன் கோயிலாண்ட நீ கூழு ஊத்தினத தனியா ஒருத்தன் சொல்லணுமா, ஊரே சொல்லுது. அந்த கேவுரு யாரு குடுத்தது? ஞாயித்துக்கெழம பூசையில முட்டி போட்டு வாங்கினது. மாதா கோயில் தானியத்த பசாசுக்கு படைச்சிட்டாங்கன்னு சாமியார் துள்ளறாரு.

— கேவுருக்கு எந்த சாமின்னு தெரியுமாடா? வேவுது, கொழையுது, வயித்துக்குள்ள போவுது.

— எனுக்கு தெரியும், உனுக்கு தெரியும். அவருக்கு தெரியலியே. இனிமே இந்த தெருவுல ஒருத்தனுக்கும் கேவுரு கெடையாதுன்னுட்டாரு. நெனச்சி பாத்தியா? ஏரி காஞ்சி வெடிச்சி கெடக்குது. ஆண்டை களத்துல வேல இல்ல. முத்தம்மாள் கெழவி நேத்து அடுப்பே மூட்டல. நாளைக்கு தெருவே என் ஊட்டு முன்னால வந்து குந்தும். நான் இன்னா பதில் சொல்லுவேன்?

— அதுக்கு புள்ளைய புடிச்சி குடுக்கறியா?

— குடுக்கலக்கா, காப்பாத்தறேன். கேளு. நீயும் ராணியும் பேரு குடுத்துகீறீங்களே தவிர இன்னும் தலையில தண்ணி வாங்கல. ராணி கொட்டாய்க்கு போனா அங்கியே ஞானஸ்நானம் குடுத்துடுவாங்க. ஒரு ஆத்துமா கெடச்சிதுன்னு சாமியார் மனசு எளகும். கூழு சமாச்சாரத்த வுட்டுடுவாரு. தெருவுக்கு கேவுரு வரும். நானே கேட்டு பாத்துட்டேன். சரின்னுட்டாரு.

— நல்லா பேசிட்டு வந்துகீற. அவருக்கு ஒரு ஆத்துமா, நமக்கு ஆளுக்கொரு படி கேவுரு. பூந்தமல்லி சந்தையில மாடு புடிக்கறவன் கூட கைய துண்டால மூடிகினுதான் வெல பேசுவான்.

— நக்கல் பண்ணாத. கொட்டாய்ல கீற கன்னியாஸ்திரி அம்மாள பத்தி உனுக்கு தெரியாது. சீழ் புடிச்ச புண்ண கையால தொடைக்கறாங்க. இந்த கண்ணால பாத்தேன். நம்ம மேல்தெரு வைத்தியரு இன்னா பண்ணுவாரு? வேலிக்கு அந்தாண்ட நின்னுகினு பச்சிலைய தூக்கி எறிவாரு.

— அந்தம்மாள நான் ஒரு கொற சொல்ல மாட்டேன். தங்கமான பொம்பள. ஆனா அங்க வண்டியில போனவங்கள்ள யாரு நடந்து திரும்பி வந்தாங்க? ஒருத்தர சொல்லு.

— முத்திப் போனப்புறம் கொண்டு போறாங்க. அதான்.

— பெத்தவ கூட போவலாமா?

— உள்ள வுட மாட்டாங்க. வேலிக்கு வெளிய நிக்கலாம்.

— உடம்பு பூரா முத்து போட்டுகினு, கண்ணு ரெண்டும் ஒட்டிகினு, அம்மா அம்மான்னு தடவற புள்ள. அத்த இந்த ஆடி வெயில்ல கட்ட வண்டில போட்டு குலுக்கிகினு போயி, அம்மா இல்லாத எடத்துல படுக்க வெக்கறது. அதுக்கு பேரு காப்பாத்தறதா?

— ஆத்துமாவாச்சும் கரையேறும்.

— அது ஒடம்புக்குள்ளதானேடா கீது.

— உனுக்கு புரிய வெக்க முடியாதுக்கா. இந்த நோவு யாரு குடுத்தது? பசாசு. அத்தயே போயி கும்புட்டு கூழு ஊத்தினா எறங்குமா?

— சரி, உபதேசியாரு சொல்லிக் குடு. பசாச யாரு செஞ்சது?

— யாரும் செய்யல. மொதல்ல அது சம்மனசா இருந்துது. மோட்சத்துல ஆண்டவராண்டயே நின்னுகினு இருந்துது. ஆங்காரம் புடிச்சி உழுந்துது.

— சம்மனச யாரு செஞ்சது?

— சருவேசுரன்.

— அது கெட்டுப் பூடும்னு செய்றப்ப அவருக்கு தெரியாதா?

— தெரியாம எப்படி இருக்கும்? எல்லாம் தெரிஞ்சவரு.

— தெரிஞ்சேவா செஞ்சாரு?

— அது நாம கேக்கற கேள்வி இல்லக்கா. படிக்கறப்ப நானே ஒரு தபா கேட்டேன். பூச முடியற மட்டும் மண்ணுல முட்டி போட வெச்சாங்க.

— எங்க ஆத்தாளாண்ட அந்த தொல்ல இல்ல. முத்து போடறதும் அவதான், எறக்கறதும் அவதான். நான்தான் போட்டேன்னு முன்னால வந்து நிப்பா. திட்டணும்னா நேரா திட்டலாம். உங்க சாமி நம்ம ஆண்டை மாதிரி கீறாரு. சிரிச்சிகினு நெல்லு அளக்கறது அவரு. அடிக்கறதுக்கு மட்டும் தனியா ஒரு ஆளு.

— அப்டி பேசாத. நாக்கு அழுவிடும்.

— அழுவட்டும். பொய்யா சொன்னேன்?

— அப்ப நான் ஒண்ணு கேக்கறேன். போன தை மாசம் முத்தம்மாள் பேரப்புள்ளைங்க ரெண்டும் போச்சே. அதுவும் உன் ஆத்தா செஞ்சதுதானே? ரெண்டு புள்ளைய முழுங்கினவளுக்கா கூழு ஊத்தற?

— பயந்துகினுதான் ஊத்தறேன். நீ இன்னா, ஆசப்பட்டா அங்க முட்டி போடற?

— நான் ஆசப்பட்டுதான் போனேன். எழுத்து யாரு சொல்லிக் குடுத்தாங்க? இந்த செருப்பு யாரு குடுத்தாங்க? மேல்தெருவுல செருப்ப கழட்டாம நடந்த மொத ஆளு நான். உங்க ஆத்தா தேரு வர்றப்ப கூட அந்த தெருவுல நம்மள வுடல.

— அது நெசம். உன்ன நான் தப்பு சொல்லல. ஆனா நான் கூழு ஊத்தினப்ப குவளைய நீட்டினவங்க எல்லாருக்கும் ஊத்தினேன். உங்க சாமியார் வண்டிக்காரன் துலுக்கானம் கூட குடிச்சான். மீசைய தொடச்சிகினு இன்னொரு குவள கேட்டான். உங்க கேவுருக்கு இன்னாடான்னா கழுத்துல தொங்கற மாதா சுரூபத்த இழுத்து காட்டணும்.

— காட்டாம குடுத்தா மேல்தெருக்காரன் ஆளு அனுப்பி மூட்டையோட தூக்கிகினு பூடுவான். அதுவும் உனுக்கு தெரியும்.

— தெரியும்.

— ஒண்ணு மட்டும் சொல்லு. உன் பங்கு ஒரு படி. அதுல சேரியே குடிக்கற மாதிரி கூழு எப்படி வந்துது? வேற யாரோ கேவுரு குடுத்துகீறாங்க. அந்த பேரு வேணும்னு சாமியார் கேக்கறாரு.

— வேண்டிகினவங்க குடுத்தாங்க.

— யாரு?

— ஒரு தாயி. அதுக்கு மேல கேக்காத.

— ஞானஸ்நானம் வாங்கினவளா?

— நீ இன்னா சொன்ன? போன மாசம் கோயில்ல எல்லார் முன்னாலயும் நின்னுகினு இன்னா சொன்ன? ஞானஸ்நானம் வாங்கினவன் ஊட்டுக்கு அம்மை வராது, வந்தா அவன் திருட்டுத்தனமா பசாச கும்புட்டவன்னு சொன்னியா இல்லியா?

— சொன்னேன்.

— சாமியார் சொல்லச் சொன்னாரா?

— அவரு அப்டி சொல்லல. ஜனங்க வரணுமேன்னு நானா சேத்து சொன்னேன். அதுல இன்னா தப்பு? என் ஊட்டுக்கு வந்துதா பாரு. என் பையன் சவரி கல்லு கணக்கா கீறான். தெருவுல நோவுன்னு பேச்சு வந்ததுமே, என் பொஞ்சாதி ஆரோக்கியம் புள்ளைய தூக்கிகினு வேப்பம்பட்டுக்கு அவங்கம்மா ஊட்டுக்கு பூட்டா. நான் ஊட்ல இல்லாத நேரம் பாத்து கெளம்பிட்டா. அவ்ளோ உஷாரு.

— அங்கிருந்து சேதி ஏதாச்சும் வந்துதா?

— வரல. வரலன்னா நல்லா கீறாங்கன்னுதானே அர்த்தம்? இன்னாத்துக்கு கேக்கற?

— சும்மாதான். புள்ளைய தேடலியா நீ?

— தேடாம? ராவுல கைய நீட்டினா பாய் வெறுசா கீது. நேத்து கூட பூந்தமல்லி கடத்தெருவுல அவனுக்கு பொரிஉருண்ட வாங்கி மடியில வெச்சிகீறேன். இரு. மணி சத்தம் கேக்குதா?

— எனுக்கு ஒண்ணும் கேக்கல.

— கேக்குதுக்கா. வண்டி மாட்டு மணிதான். பனமரத்து திருப்பத்துல வருது. வேப்பிலைய அவுரு. நீயா புள்ளைய தூக்கி குடுத்தா மரியாதையா பூடும். இல்லாட்டி அவங்க உள்ள பூந்து தூக்குவாங்க.

— மாரிமுத்து.

— அந்த பேர சொல்லாத.

— சொல்லுவேன். உங்கம்மா வெச்ச பேரு. தாது வருஷத்து பஞ்சத்துல நீ கைக்கொழந்த. மூஞ்சி பூரா முத்து. கஞ்சித்தொட்டிக்கு தூக்கிகினு போனவள, நோவு புள்ளைய இங்க கொண்டாராதன்னு தொரத்தினாங்க. எனுக்கு அப்ப பத்து வயசு இருக்கும். வேம்புலியம்மன் மரத்தடியில உன்ன போட்டுகினு, ஈ மொய்க்காம நான்தான் வேப்பிலையால வீசினேன். உன் கன்னத்துல கீற தழும்பு ஒவ்வொண்ணும் எனுக்கு தெரியும். அன்னிக்கு ஒரு வண்டி வந்து உன்ன தூக்கிகினு போயிருந்தா, இன்னிக்கு செருப்பு போட்டுகினு வந்து நிக்க கால் இருந்திருக்குமா?

— அக்கா, ஒரு புள்ளைக்காக தெருவ பட்டினி போட முடியுமா? நீயே சொல்லு. ஒரு புள்ள.

— யாரு புள்ளையா இருந்தாலும் இத்தத்தான் சொல்லுவியா?

— யாரு புள்ளையா இருந்தாலும்தான். சாமி சாட்சியா.

— உபதேசியாரே! எந்த ஊடு? ஜல்தி சொல்லு, மாடு நிக்க மாட்டேங்குது.

— வா துலுக்கானம். இந்த ஊடுதான். இவங்க பொண்ணு ராணிதான்.

— இன்னா அண்ணாத்தே, பேஜார் பண்ற? ராணி பொண்ண இப்பத்தான் காஞ்ச ஏரிக்குள்ள பாத்துட்டு வரேன். கோரக்கெழங்கு தோண்டிகினு கீது. வண்டிய பாத்து நாக்க துருத்தி பழிப்பு காட்டிட்டு ஓடிச்சு. அம்மை போட்ட புள்ளையா அது?

— நல்லா பாத்தியா? ராணியா?

— கூழு ஊத்தினப்ப அதுதானே எனுக்கு குவள கழுவி குடுத்துது. எனுக்கு தெரியாதா?

— அக்கா. அப்ப உள்ள படுத்துகினு கீறது யாரு?

— செருப்ப கழட்டு மாரிமுத்து. கழட்டிட்டு கேளு.

— வடிவுக்கா, வெளிய யாரு? அவரு கொரலு மாதிரி கீதே. சவரி இப்பத்தான் ஒரு கண்ண தொறந்தான். அப்பா பேசுதுங்கறான்.

— ஆரோக்கியம்? நீ வேப்பம்பட்டுல...

— எப்படி உங்களாண்ட சொல்லுவேன்? வந்தா திருட்டுத்தனமா கும்புட்டவன்னு கோயில்ல நின்னு சொன்னது நீங்க. புள்ள மேல முத்த பாத்ததும் உங்க மானம் போவக் கூடாதுன்னு அக்காவாண்ட தூக்கிகினு வந்துட்டேன். கேவுரு குடுத்தது நான்தான். கூழுக்கு வேண்டிகினது நான்தான். அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க.

— உபதேசியாரே, உள்ள யாரோ பொம்பள கொரலு கேக்குதே. சாமியார் குதிர வண்டில பின்னாலியே வந்துகினு கீறாரு. வெறும் வண்டி திரும்பினா இந்த தெருவுக்கு ஒரு மணி கேவுரு கெடையாதுன்னு சொல்லி அனுப்பிகீறாரு. இந்த ஊடா, வேற ஊடா? கைய காட்டு, போதும்.

— துலுக்கானம். மாட்டு மணிய கையால புடிச்சிக்க, சத்தம் வராம. புடிச்சிகினு வண்டிய அப்டியே திருப்பு. ஆத்தா வந்துகீற ஊட்டாண்ட வண்டி நிக்கக் கூடாது.