எடையை ஏட்டில் மறைத்த எங்கள் டேப் அக்காவுக்கு

அஞ்சி வந்தோரை அரவணைத்து அமரவைத்த அன்புக்குரியவரே, எண்டோஸ்கோபிப் பிரிவின் குலையாத உறுதியே, முப்பத்தொரு ஆண்டுகளாகச் சட்டைப் பையில் அளவு நாடாவோடு நடமாடியதால் எல்லோராலும் ‘டேப் அக்கா’ என்றே அழைக்கப்படும் எங்கள் தலைமைச் செவிலியரே, வணக்கம்!

நோயாளிகள் வாயால் சொல்லும் எடையை நீங்கள் ஒருநாளும் ஏட்டில் ஏற்றியதில்லை. “எழுபதுன்னு போட்டுக்கோங்க சிஸ்டர்” என்று நழுவப் பார்த்த பேருந்து ஓட்டுநரை நைச்சியமாகப் பேசி எடைக்கருவியில் ஏற்றினீர்கள். முள் தொண்ணூற்று நான்கில் போய் நின்றது. “அழகுக்காகச் சொல்லலண்ணே. வயித்துல சேர்ற கொழுப்பு பெருங்குடல்ல புத்துநோய் வர்ற வாய்ப்பைக் கூட்டும். ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வரும்தான். ஆனா தெரிஞ்சே ஏன் கூட்டிக்கணும்?” என்றீர்கள். பரிசோதனைக்கும் சம்மதிக்க வைத்தீர்கள். அவர் குடலில் இருந்த சிறு கட்டியை, அது புற்றாக மாறுமுன்பே மருத்துவர் அகற்றினார். இன்றும் அவர் உங்களைக் கண்டால் வயிற்றை எக்கிக்கொண்டுதான் வணக்கம் சொல்கிறார்.

எங்களை மட்டும் விட்டீர்களா? ஆண்டுதோறும் பணியாளர் அனைவரையும் அளந்தீர்கள். மருந்து அறையில் ஒளிந்த மயக்க மருத்துவரைக்கூடக் கதவைத் தட்டி வெளியே வரவழைத்தீர்கள்.

இவ்வளவோடு போற்றி முடித்திருப்போம். ஆனால் இம்மடலுக்காகப் பணியாளர் ஏட்டைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. பதினோரு ஆண்டுகளாக உங்கள் பெயருக்கு நேரே ஒரே எடை, அறுபத்திரண்டு. அக்கா, எங்களுக்கும் கண் இருக்கிறது. குடல் பரிசோதனை செய்த நாள் என்ற கட்டமோ வெறுமையாகவே கிடக்கிறது.

உங்கள் கணவரிடம் கேட்டோம். “அவ கூடப் பிறந்த அக்காவைக் குடல் புத்துநோய்க்குப் பறிகொடுத்ததுல இருந்து பயம். ஊருக்கெல்லாம் சொல்லுவா, தனக்குன்னா பேச்சை மாத்திடுவா” என்றார்.

பயம் குற்றமில்லை. ஆனால் பயந்து வந்த எவரையும் நீங்கள் திருப்பி அனுப்பியதில்லை. நாங்களும் உங்களை விடுவதாக இல்லை. வெளியார் எவரையும் அழைக்காமல் உங்கள் கணவரையும் நம் பிரிவினரையும் மட்டும் வைத்து இந்தப் பாராட்டு விழாவை நடத்துவது இதற்காகத்தான். திங்கட்கிழமை காலை எட்டு மணிப் பரிசோதனைப் பட்டியலில் முதல் பெயர் உங்களுடையது. பரிசுப் பையில் கடிகாரம் இல்லை. ஞாயிறு மாலை குடிக்க வேண்டிய குடல் சுத்திகரிப்பு மருந்து இருக்கிறது. அதைக் கலக்கும் முறையை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

நீங்கள் நூறாண்டு நோயின்றி வாழ வேண்டும்! வெறுமனே வாழ்த்திவிட்டுக் கலைய எங்களுக்கு மனம் வரவில்லை, ஏனெனில் உங்களை இழக்க நாங்கள் தயாராக இல்லை. எந்த முடிவு வந்தாலும் அதை நீங்கள் தனியாகக் கேட்கப் போவதில்லை. இதன் கீழே ஒன்பது பேர் கையெழுத்திட்டிருக்கிறோம். பத்தாவது கையெழுத்து ஒப்புதல் படிவத்தில் வேண்டும். மருத்துவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உங்கள் அருகில்தான் நிற்கிறார்.

அன்போடும் பிடிவாதத்தோடும்,
எண்டோஸ்கோபிப் பிரிவின் ஒன்பது பேர்