மேல்தோல் மூடும்வரை

உங்கள் கட்டைவிரலில் இருக்கும் பிளாஸ்திரியை அப்படி வெடுக்கென்று இழுக்காதீர்கள், ஐயா. வேகமாகப் பிய்த்தால் வலிக்காது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வலி ஒரு நொடிதான், வாஸ்தவம். ஆனால் பசையோடு மேல்தோலும் துளி வந்துவிடும். முதலில் ஒரு ஓரத்தை நகத்தால் கிளப்புங்கள். இன்னொரு கை விரலால் பக்கத்துத் தோலை அழுத்திப் பிடியுங்கள். மேலே தூக்காமல், தோலை ஒட்டியபடியே மடித்து மடித்து எடுங்கள். அவசரமே இல்லை. நாம் பேசிக்கொண்டுதானே இருக்கப்போகிறோம்.

முப்பத்தோரு வருடம் நான் செய்த வேலை இது. பெரிய ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர். டாக்டர் வெட்டித் தைத்துவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகு காயத்தைக் கழுவுவதும் கட்டுவதும் நான். வார்டில் எனக்குக் கட்டுக்காரர் என்றே பெயர். என் மனைவி அதையும் விட்டுவைக்கவில்லை.

"ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் கட்டுப் போடறாரு. வீட்ல குழாய் ஒழுகுது, அதுக்கு ஒரு துணியைச் சுத்தக்கூட ஆள் இல்ல" என்பாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. சாப்பிடவும் தூங்கவும் மட்டும்தான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன்.

நான் ஓய்வுபெற்ற நாலாவது மாதம், மாடியில் காயப்போட்ட துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கும்போது அவள் படியில் வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ரிட்டயர் ஆகிட்டோமேன்னு கவலைப்பட்டீங்கல்ல. இந்தாங்க, வேலை குடுத்துட்டேன்."

அந்த வேலையை நான் எப்படிச் செய்தேன் என்று அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளைப் புரட்டிப் படுக்கவைத்தேன். விரிப்பில் ஒரு சுருக்கம் விழ விட்டதில்லை. குதிகால் மெத்தையில் படாதபடி காலுக்கடியில் தலையணை. குளிப்பாட்டியதும் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பேன். என்னைக் கண்டால் "கடிகாரம் வந்துடுச்சு" என்பாள். பதினான்கு மாதம் அவள் உடம்பில் ஒரு இடம் சிவக்கவில்லை.

அந்தப் பதினான்கு மாதம்தான், ஐயா, நாங்கள் பேசியதெல்லாம். முதுகுக்குத் தலையணை வைத்தபடி அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் வெகு சாதாரணமாகச் சொன்னாள். கல்யாணமான ஆறாவது வருடம் என்னை விட்டுப் போய்விடுவதென்று மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாளாம்.

"மூணாவது ஸ்டாப்புல ஞாபகம் வந்துச்சு, அடுப்புல பால் வச்சுட்டு வந்தது. இறங்கித் திரும்பி நடந்துட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் நீங்க வந்து, பால்ல ஏன் அடிப்பிடிச்ச வாசனைன்னு கேட்டீங்க."

இருவரும் சிரித்தோம். நானும் நன்றாகத்தான் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து அந்தப் பால் என் மனதில் இருந்தது.

அப்புறம் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. ஒன்பது மணி நேரப் பயணத்தில் இருக்கிறது அவள் ஊர். தரைத்தள வீடு, பகலில் ஒரு நர்ஸ் வருவாள், அம்மாவை இங்கே அனுப்புங்கள் என்றாள். "நீங்களும் வாங்கப்பா" என்றும் சொன்னாள். நான் அங்கே போய் என்ன செய்வது? நர்ஸ் கட்டுப் போடுவதை ஹாலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதா? என் மனைவி போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அவரு இங்கயே இருக்கட்டும்டி. முப்பது வருஷம் அவரு வெளிய போனாரு, நான் வீட்ல இருந்தேன். இப்ப நான் போறேன்."

முதல் காயத்தை நான் செய்யவில்லை. இதை வாக்குமூலத்தில் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கடும் காய்ச்சல், இரண்டு நாள் அவளைச் சரியாகப் புரட்ட முடியவில்லை. முதுகுத்தண்டு முடியும் இடத்தில் ஒரு பொத்தான் அளவுக்கு மேல்தோல் போய்விட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, "மேல்தோல் மூடட்டும். மூடிட்டா தாராளமா அழைச்சுட்டுப் போகலாம். அதுவரைக்கும் ஒன்பது மணி நேரம் குலுங்கிட்டுப் போறதெல்லாம் வேண்டாம்" என்றார்.

மூன்று வாரத்தில் மூடிவிடும் காயம். உப்புநீரில் கழுவி, மெத்தென்ற ஒட்டுப்பட்டை ஒன்றைப் போட்டால் ஐந்து நாளைக்குத் தொடவே வேண்டாம். தொடாமல் இருப்பதுதான் அதற்கு வைத்தியம். ஞாயிறுதோறும் மகள் போன் செய்வாள். "எவ்ளோ ஆறியிருக்குப்பா?" பின்னாலிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள்: "பாப்பா நடக்கறதுக்குள்ள நான் அங்க இருப்பேன்னு சொல்லுங்க."

இருபதாவது நாள் பட்டையை எடுத்தேன். ஓரம் கொஞ்சம் வேகமாக வந்தது. வெங்காயத்தின் உள்தோலைப் போல இளஞ்சிவப்பாக ஒரு படலம் பசையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. என் கை நின்றுவிட்டது. அவள் எனக்கு முதுகு காட்டி ஒருக்களித்துப் படுத்தபடி, குழந்தைக்கு எந்த நிறத்தில் ஸ்வெட்டர் பின்னலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அங்கே உணர்வு கிடையாது என்று சொன்னேன் அல்லவா.

மஞ்சள் நிறத்தில் பின்னு என்றேன். மற்ற ஓரத்தையும் அதே மாதிரி இழுத்தேன்.

அதன் பிறகு ஏழு மாதம். மூடப்போகிறது என்று தெரியும்போது மட்டும்தான். தேவையில்லாமல் ஒரு தடவைகூட இல்லை. அவளுக்கு வலித்ததில்லை. வலித்திருந்தால் நான் செய்திருக்கமாட்டேன்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு ஆச்சரியமே இல்லை. ஆதாரத்தைக் கொடுத்தவனே நான்தான். திங்கள்தோறும் காயத்தின் மேல் கண்ணாடித்தாளை வைத்து அதன் விளிம்பைப் பேனாவால் வரைந்து தேதி போடுவது எங்கள் வேலைப் பழக்கம். சின்னதாகிறதா பெரிதாகிறதா என்று அதில்தான் தெரியும். ஒரு தாளில்கூட நான் பொய்யாக வரையவில்லை. வரைய வராது. முப்பத்திரண்டு தாள்களையும் ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒன்றன்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "புண்ணு தானா இப்படி நேர்கோட்டுல வளராது. இது பிளாஸ்திரி அகலம்" என்றார். கெட்டிக்காரப் பெண். என்னிடம் வேலை கற்றிருந்தால் இன்னும் நன்றாக வந்திருப்பார்.

ஆனால் அவருக்கு முன்பே ஒருத்திக்குத் தெரிந்திருந்தது.

ஐந்தாவது மாதம் என் மனைவி தலைசீவக் கைக்கண்ணாடி வேண்டும் என்றாள். கொடுத்தேன். அதன் பிறகு அது தலையணைக்கடியிலேயே இருந்தது. முதுகு காட்டிப் படுத்திருப்பவள் கையில் ஒரு கண்ணாடி இருந்தால் என்னவெல்லாம் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. அடுத்த ஞாயிறு மகளிடம் போனில் சொன்னாள்: "உங்கப்பாவுக்குக் கண்ணு மங்கிடுச்சுடி. கட்டைப் பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வருது, அவருக்குத் தெரியவே இல்ல. நல்லதா ஒரு மூக்குக்கண்ணாடி வாங்கிக் குடு."

மகள் வந்து, என்னைக் கடைக்கு அழைத்துப்போய், புதுக் கண்ணாடி மாட்டிவிட்டாள். இதோ, இதுதான். "அப்பா, இப்ப நல்லாத் தெரியுதா?" என்றாள். நன்றாகத் தெரிகிறதம்மா என்றேன்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் இரண்டு தடவை செய்தேன்.  அவள் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டர் பாதியில் நின்றுவிட்டது.

பிறகு குழந்தை நடந்தது. மகள் போனில் வீடியோ அனுப்பியிருந்தாள். சோபாவைப் பிடித்து நின்று, கையை விட்டு, நாலு அடி வைத்து, தொப்பென்று உட்கார்ந்தது. என் மனைவி அதை ஏழு தடவை போட்டுப் பார்த்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள். சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

"நான் போகல. அவகிட்டயும் சொல்லிட்டேன், இங்கயே இருக்கேன்னு. எங்கயும் போகமாட்டேன், போதுமா. இனிமே அதை ஆற விடுங்க."

நான் சரி என்றேன்.

மறுநாள் காலை கட்டு மாற்றும் நாள். வெந்நீர் வைத்தேன், கை கழுவினேன், தட்டில் எல்லாவற்றையும் எடுத்துவைத்தேன். புதுத்தோல் கிட்டத்தட்ட மூடிவிட்டது என்று பட்டை வழியாகவே தெரிந்தது. ஓர் அரிசி அகலம்தான் பாக்கி. அவள் கையில் அந்தக் கைக்கண்ணாடி இருந்தது. நான் பட்டையின் ஓரத்தில் விரல் வைத்ததும் அதை முகம் கீழாகப் படுக்கையில் வைத்துவிட்டாள். பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்தாளோ, பார்க்கத் தேவையில்லை என்று முடிவு செய்தாளோ, எனக்குத் தெரியாது.

திரும்பத் திரும்பக் கிழிந்த இடம் அல்லவா, இந்தமுறை ஆழமாக வந்துவிட்டது. அன்று அவளுக்கு வயிறும் சரியில்லை. மூன்று தடவை போயிற்று. மூன்று தடவையும் முறைப்படி கழுவித் துடைத்தேன். இரண்டாம் நாள் குளிர் நடுக்கம். மூன்றாம் நாள் என்னைப் பார்த்து, பால் அடுப்பில் இருக்கிறது, இறக்கிவையுங்கள் என்றாள். இறக்கிவிட்டேன் என்றேன். ஆஸ்பத்திரியில் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஒன்பதாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

உங்கள் காகிதத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிடுங்கள், ஐயா. என் வேலையைப் பற்றி யாரும் அப்படி எழுதியதில்லை. அவள் மேல்தோலை உரித்தது நான்தான். ஒவ்வொரு தடவையும் தெரிந்தேதான் உரித்தேன்.

அவள் போகமாட்டேன் என்று சொன்னதை நான் நம்பாமல் இல்லை. முழுக்க நம்பினேன். அன்றைக்கு இழுத்தது ஒரு உறுதிக்காகத்தான்.