கும்பிடு போடாத மாப்பிள்ளை

ஜானிஸ்: ...அதான் சொல்றேன். யாரு வந்தாலும் பல்லக் காட்டிட்டு நில்லு. பேரு நான் காதுல சொல்றேன்.

கோலின்: இன்னிக்கு என் கல்யாணம்க்கா.

ஜானிஸ்: அதனாலதான் சொல்றேன். சிலிபின் ஊராளுங்க பாதிப்பேரு இந்தக் கேட்டு வாசல்ல நிக்குது. டை ஏன்டா இப்படிக் கோணிக்கிட்டு இருக்கு? இங்க வா.

கோலின்: காலர் குத்துது.

ஜானிஸ்: குத்தட்டும். பூசை முடியிற வரைக்கும் பொறுத்துக்க. மாப்பிள்ளைத் தோழன் எங்க? இந்தப் பவித்ரன் பய எங்கயும் நேரத்துக்கு...

கோலின்: உன் பின்னாடிதான் நிக்கிறான். இப்ப மூக்க உறிஞ்சுனான்ல.

ஜானிஸ்: அலாமாக்! ஆமா.

எல்ஸி: வாங்க அத்தான், வாங்க ஜானிஸ் அக்கா! சுங்கை சிப்புட்லருந்து இவ்ளோ சீக்கிரமா! ஆனா பாருங்க... கேட்டு பூட்டியிருக்கு.

ஜானிஸ்: எல்ஸி, விளையாடாதம்மா. தொற. பொண்ண ஏத்திக்கிட்டு கோயிலுக்குப் போணும்.

எல்ஸி: ஏத்திக்கிட்டுப் போறதுக்கு எங்க புனிதா அக்கா என்ன அரிசி மூட்டையா? சீனவங்க கல்யாணத்துல மாப்பிள்ளைய வாசல்ல நிப்பாட்டி வதைப்பாங்கல்ல? இன்னிக்கு நாங்களும் அதே. பொண்ணோட தங்கச்சி நான்தான் இங்க நீதிபதி.

ஜானிஸ்: ஆங் பாவ் காசுதானே வேணும்? இந்தா, பிடி.

எல்ஸி: அதெல்லாம் வேணாம்லா. முதல்ல இதக் குடிக்கணும். புளிப்பு, கசப்பு, உறைப்பு, இனிப்பு. கல்யாணம்னா நாலும்தானே! கேட்டரிங் தங்கச்சி... அந்தத் தட்ட இங்க கொண்டு வாங்க.

ஜானிஸ்: என்னடா அப்படியே நின்னுட்ட? வாங்கிக் குடி. நாலுல ஒண்ணு உனக்கு, மீதி பவித்ரனுக்கு.

கோலின்: கசப்ப நான் எடுத்துக்குறேன். தேங்ஸ்.

ஜானிஸ்: ஏம்மா தங்கச்சி, பாவக்காய அரைச்சு அப்படியே ஊத்திட்டியா? அய்யோ, இந்தப் பவித்ரனப் பாரு, மொளகாத் தண்ணியக் குடிச்சிட்டு ஆடுறான்! கொஞ்சம் பச்சத்தண்ணி கொண்டு வாம்மா... பாரு, பதிலே சொல்லாமப் போகுது. மாஸ்க்கு, தொப்பி, கையுறை எல்லாம் நல்லாத்தான் மாட்டியிருக்கு. வாயத்தான் காணோம்.

எல்ஸி: புதுப் பொண்ணுக்கா. வெக்கம்.

ஜானிஸ்: நீ ஏன்டா அந்தப் பொண்ணப் பார்த்து இளிக்கிற? கல்யாண நாளு அதுவுமா!

கோலின்: நீதானே பல்லக் காட்டச் சொன்ன.

எல்ஸி: சரி, குடிச்சாச்சு. இப்பதான் பெரிய விளையாட்டு. அத்தான், போர்ச்சுல பாருங்க. கார எடுத்துட்டு வரிசையா ஆளுங்கள நிப்பாட்டியிருக்கோம்.

ஜானிஸ்: என்னம்மா இது... துணி மூட்டை மாதிரி?

எல்ஸி: பாத்தேக் கைலிதான். ரெண்டு ரெண்டாச் சேர்த்துத் தைச்சு, தலையிலருந்து கால் வரைக்கும் போர்த்தியாச்சு. முகம் தெரியாது, கை தெரியாது, கால் தெரியாது. யாரும் பேசவும் மாட்டாங்க. இதுல எங்க அக்காவ அத்தான் கண்டுபிடிக்கணும். ஒரே தடவதான்.

ஜானிஸ்: இது... இது நல்லா இல்ல எல்ஸி. வேற ஏதாவது வை. பாட்டுப் பாடச் சொல்லு. இவன் நல்லா கீபோர்டு வாசிப்பான், உனக்குத் தெரியும்ல? கோயில்ல வாசிக்கிறவன்தானே.

எல்ஸி: தெரியும்க்கா. கொயர்ல பாடப் போன எங்க அக்கா அந்த கீபோர்டுலதானே விழுந்தா! ஆனா விளையாட்ட மாத்த முடியாது. அத்தான் மட்டும் உள்ள வரணும். நீங்க கேட்டுக்கு வெளியதான்.

ஜானிஸ்: நான் கூட வந்தா என்ன? நான் பாட்டுக்கு ஓரமா நிக்கிறேன்.

எல்ஸி: நீங்க எப்பவும்தான் அவர் பக்கத்துல ஓரமா நிக்கிறீங்க. நிச்சயத்துல அவர் காதுலயேதான் இருந்தீங்க. இன்னிக்கு வேணாம்.

ஜானிஸ்: கண்டுபிடிக்கலன்னா?

எல்ஸி: அது... அப்பா ஒரு கண்டிஷன் போட்டிருக்காரு. என் பொண்ணு எதுன்னு தெரியாதவன் கையில அவள நான் பிடிச்சுக் கொடுக்க மாட்டேன்னுட்டாரு. அத்தான் தோத்தா, பீடத்துக்கு அக்காவக் கூட்டிட்டு வர்றது அப்பா இல்ல. சித்தப்பா.

ஜானிஸ்: விளையாட்டுக்குத்தானே சொன்னாரு?

எல்ஸி: எங்க அப்பா விளையாடிப் பார்த்திருக்கீங்களா? அவருக்கும் கோபம் இருக்கும்லக்கா. நிச்சயத்துக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போன பையன், மறு வாரம் பாசார்ல மீன் கடைகிட்ட அவரத் தாண்டிப் போறாரு. ஒரு கும்பிடு இல்ல. அப்புறம் கிளினிக் வாசல்ல. அப்புறம் கோயில் திருநாள்ல, கொடிமரத்துக்கு அடியில... இடிக்காத குறை! டொமினிக் வீட்டுக்குத் திமிர் பிடிச்ச மாப்பிள்ளை வாரான்னு சிலிபின் பூரா பேச்சு.

ஜானிஸ்: அது வந்தும்மா, இவனுக்குக் கண்ணாடி மாத்தணும். பவர் கூடிப் போச்சு...

எல்ஸி: மூணு தடவையும் பவரா?

கோலின்: பொய் சொல்லாதக்கா.

ஜானிஸ்: நீ சும்மா இரு!

கோலின்: கண்ணு நல்லாத்தான் இருக்கு. எல்ஸி, எனக்கு ஆட்டிசம்.

ஜானிஸ்: டேய்! தாலி ஏறட்டும்னு அம்மா சொன்னாங்கல்ல... அய்யோ, நீ ஒண்ணும் நினைச்சுக்காத எல்ஸி, லேசாத்தான்... நல்ல வேலை, நல்ல சம்பாத்தியம், குடி கிடையாது...

கோலின்: புனிதாவுக்கு முதல் மாசமே சொல்லிட்டேன். இவங்களுக்குச் சொல்லாததுதான் எனக்கு இந்தக் காலர விட அதிகமாக் குத்துது.

எல்ஸி: அதுக்கும் அப்பாவத் தாண்டிப் போனதுக்கும் என்ன அத்தான்?

கோலின்: எனக்கு முகம் நிக்காது.

எல்ஸி: மறதியா?

கோலின்: மறதி இல்ல. உன் அப்பா என்ன சொன்னாரு, என்ன சாப்பிட்டாரு, எல்லாம் ஞாபகம் இருக்கு. டாக்டர் சொன்னத சொல்றேன். மத்தவங்க மூளையில முகம் பார்க்கிறதுக்குன்னு ஒரு இடம் இருக்காம். ஒருத்தரப் பார்த்ததும் கண்ணு, மூக்கு, வாயி எல்லாம் சேர்ந்து ஒரே ஆளா அங்க விழுந்திடும். எனக்கு அது வேற மாதிரி வேலை செய்யுது. கண்ணு கண்ணாத் தெரியும், மூக்கு மூக்காத் தெரியும். கூட்டிப் பார்த்தா ஆளு வர மாட்டேங்குது.

எல்ஸி: இப்ப என் முகம் தெரியுதா?

கோலின்: தெரியுதே. வலது புருவத்துக்கு மேல மச்சம். பவுடர் கொஞ்சம் ஜாஸ்தி.

எல்ஸி: அடி வாங்குவீங்க!

கோலின்: ஆனா நாளைக்கு நீ கொண்டையப் பிரிச்சு, வேற உடுப்புல, பேசாம பாசார்ல நின்னா, நான் உன்னையும் தாண்டிப் போயிடுவேன். ஆட்டிசம் இருக்கிற எல்லாருக்கும் இப்படின்னு இல்ல. எனக்கு இப்படி.

எல்ஸி: அப்ப கண்ணாடியில நிக்கிறது நீங்கதான்னு எப்படித் தெரியும்?

கோலின்: என் பாத்ரூம்ல வேற யாரு வந்து நிக்கப் போறா?

ஜானிஸ்: சிரிங்க, நல்லா சிரிங்க. எல்ஸி, இப்ப தெரிஞ்சிருச்சுல்ல? முகம் தெரிஞ்சாலே ஆளத் தெரியாதவன்கிட்ட முகத்த மூடிட்டுக் கண்டுபிடின்னா எப்படிம்மா? பாவம்லா. இவ்ளோ பேரு முன்னாடி...

கோலின்: அக்கா.

ஜானிஸ்: என்னடா?

கோலின்: எல்லாரும் முகத்த வச்சு ஆளக் கண்டுபிடிக்கிறீங்க. மூடினா உங்களுக்குத்தான் நஷ்டம். எனக்கு என்ன போச்சு? எனக்கு தெனமும் இப்படித்தான். கேட்டத் தொற எல்ஸி.

ஜானிஸ்: கோலின்... டேய், மெதுவாப் பாரு. உயரத்தப் பாரு! புனிதா உன் தோளு வரைக்கும் வருவா...

எல்ஸி: அக்கா, உதவி செய்யக் கூடாது!

ஜானிஸ்: சரி, சரி. வாய மூடிட்டேன்.

எல்ஸி: வாங்க அத்தான். இந்த ஓரத்துலருந்து ஆரம்பிங்க. தொடக் கூடாது. பார்க்கலாம், எவ்ளோ நேரம் வேணா நிக்கலாம்.

கோலின்: ...இது கொயர் விமலா. சிரிப்ப அடக்குனா விக்கல் வரும்.

எல்ஸி: விமலா, உள்ள இருந்து ஆமான்னு தலைய ஆட்டாதடி! சரி, அடுத்து?

கோலின்: இது இல்ல... இதுவும் இல்ல. இவங்க ரொம்ப நேரா நிக்கிறாங்க, புனிதாவால ஒரு காலுல பாரத்தப் போடாம நிக்க முடியாது... இது... இது இல்ல.

ஜானிஸ்: மாதாவே, கண்ணத் தொறந்து பாரும்மா...

எல்ஸி: வரிசை முடிஞ்சிருச்சு அத்தான். எது?

கோலின்: எதுவும் இல்ல. புனிதா இதுல இல்ல.

ஜானிஸ்: இல்லையா? டேய், அப்படிச் சொல்லாதடா! எதையாவது ஒண்ணக் காட்டு! அந்தப் பச்சைக் கைலியக் காட்டு, அதுதான் உயரம் சரியா இருக்கு!

எல்ஸி: நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரே தடவதான். அப்பாவோட கண்டிஷன் ஞாபகம் இருக்கா?

கோலின்: இருக்கு. இந்த வரிசையில புனிதா இல்ல. அக்கா, நீ பச்சத்தண்ணி கேட்டியே, வந்திருச்சா?

ஜானிஸ்: இப்ப தண்ணியா முக்கியம்? இதோ, இப்பதான் கொண்டு வருது. இந்தப் பக்கம் கொடும்மா, எனக்கு நெஞ்சே...

கோலின்: அவகிட்டதான் கசப்பு வாங்கிக் குடிச்சேன்.

ஜானிஸ்: யாருகிட்ட?

கோலின்: சிலிப்பர் சத்தத்தக் கேளு. ஒரு அடி தட்டும், அடுத்த அடி இழுக்கும். தட்ட நீட்டுறப்ப மூச்சப் பிடிச்சுக்கிட்டா. கொயர்ல உச்சத்துக்குப் பாடப் போறப்ப அப்படித்தான் பிடிப்பா. எனக்கு அப்பவே தெரிஞ்சிருச்சு. விளையாட்டக் கெடுக்க வேணாம்னு இருந்தேன். புனிதா, அந்த மாஸ்க்க எடு, வெயில்ல வேர்க்கும்.

எல்ஸி: ...எடுத்துடுக்கா. அவ்வளவுதான், அத்தான் ஜெயிச்சுட்டாரு. ஏய், அழாத! மேக்கப் அக்கா என்னக் கொன்னுடுவாங்க!

ஜானிஸ்: அய்யய்யோ புனிதா! நீயாம்மா? நான் உன்னப் போயி... வாயக் காணோம்னு... நேரா மூஞ்சிக்கு மூஞ்சி பார்த்துத் தண்ணி கேட்டேனே!

எல்ஸி: நீங்க மட்டுமா? பவித்ரன் அண்ணன் தேங்க்யூ கூடச் சொல்லாமத் தம்ளர எடுத்தாரு. சிலிபின் பூரா இங்கதான் நிக்குது, பிறந்ததுலருந்து பார்த்த ஆளுங்க. ஒருத்தருக்கும் தெரியல. முகம் தெரியாதவருக்குத்தான் தெரிஞ்சது!

ஜானிஸ்: என் தம்பிடா! எல்லாரும் பாருங்க, இவன் என் தம்பி! திமிர் பிடிச்சவன்னு சொன்னீங்கல்ல? ஆமா, திமிருதான்! இனிமே எனக்கும் அந்தத் திமிரு இருக்கும்!

எல்ஸி: கத்துங்க அக்கா, நல்லாக் கத்துங்க. இன்னிக்கு உங்க நாளு. அத்தான், புனிதா அக்கா சேலை மாத்திட்டு வரட்டும், கார்ல ஏறுங்க. நேரமாச்சு, போலாம்.

கோலின்: இரு எல்ஸி. ஒரு கும்பிடு பாக்கி இருக்கு.

எல்ஸி: யாருக்கு?

கோலின்: கடைசியில நிக்கிற ஆளுக்கு. கறுப்புப் பூப்போட்ட கைலி.

எல்ஸி: அது... அது எங்க அத்தைலா.

கோலின்: அத்தை பாக்கெட்டுக்குள்ள சாவியக் கிலுக்கிக்கிட்டே நிக்க மாட்டாங்க. குதிகால்ல முன்ன பின்ன ஆடவும் மாட்டாங்க. நான் வீட்டுக்கு வந்த அன்னிக்கு, வாசல்ல நின்னு இப்படித்தான் ஆடிக்கிட்டே என் வேலையப் பத்திக் கேட்டாரு.

ஜானிஸ்: டேய்... யாரச் சொல்ற?

கோலின்: ஸ்தோத்திரம் மாமா. அந்த மூணு இடத்துலயும் நீங்க அசையாம, பேசாம நின்னீங்க. சின்னவன்தானே முதல்ல கும்பிடணும், கும்பிடுறானான்னு பார்ப்போம்னு காத்துக்கிட்டு நின்னீங்க. அது தப்பில்ல, அதுதான் முறை. ஆனா ஒரு வார்த்தை பேசியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும் மாமா. இருமியிருந்தாக்கூடப் போதும்.

டொமினிக்: ஸ்தோத்திரம் மாப்பிள்ளை... எல்ஸி, இந்தக் கைலியத் தூக்கு, வேர்த்துக் கொட்டுது... அழலம்மா, வேர்வைதான்! ஜானிஸ், நீயும் கண்ணத் தொடைச்சிக்க. நிச்சயத்துக்கு வந்த அன்னிக்கு, “நீலச் சட்டை, நரைச்ச மீசை, அதான் மாமா”ன்னு நீ அவன் காதுல ஓதுனது எனக்கும் கேட்டுச்சு. அன்னிக்கே புனிதாவக் கூப்பிட்டு விசாரிச்சேன், எல்லாத்தையும் சொல்லிட்டா. எல்ஸிக்கும் தெரியும், மாப்பிள்ளை வாயாலயே வரட்டும்னு தெரியாத மாதிரி கேட்டா. எனக்கு இருந்தது கோபம் இல்லம்மா, பயம். கூட்டத்துல என் பொண்ணத் தொலைச்சிடுவானோன்னு. அதான் இந்த வரிசைய நானே நிப்பாட்டுனேன். அதுல நானும் நின்னேன், ஏன்னு கேட்காத... முகத்தக் காட்டிட்டு நின்னப்ப கிடைக்காத கும்பிடு, மூடிட்டு நின்னப்ப கிடைச்சிருச்சு. என் பொண்ண நானே பீடத்துக்குக் கூட்டிட்டு வாரேன். ஜானிஸ், நீ கேட்டுக்கு உள்ள வாம்மா. இனிமே அவன் காதுல நீ ஒண்ணும் ஓத வேணாம். எங்க பார்த்தாலும், எத்தன பேரு இருந்தாலும், “மாப்பிள்ளை, மாமா வாரேன்”னு முதல்ல நான் சத்தம் கொடுக்கிறேன்.